தேவாலயத்தின் பசிய ஆடை

தமிழ் வேதாகமத்தைப் படித்தோர் 'உக்கிராணக்காரன்' என்னுஞ் சொல்லை அறிந்திருப்பர். உக்கிராணம் என்பது பண்டகசாலை. பெரிய வீடுகளிலும் மடங்களிலும் அரிசி, பருப்பு, நெய் முதலியவற்றைச் சேமித்து வைக்கும் அறைக்கு அப்பெயர் வழங்கிற்று. அவ்வறையின் திறவுகோலை இடுப்பிற் செருகியிருப்பவனே உக்கிராணக்காரன். உள்ளே இருக்கும் பண்டங்களுள் ஒரு படி அரிசியேனும் அவனுக்குச் சொந்தமன்று. ஆயினும் அவன் கை அசைந்தாலன்றி அவ்வீட்டில் எவருக்கும் ஒரு பிடி சோறு கிடையாது. வீட்டுத் தலைவன் என்றோ ஒரு நாள் கணக்குக் கேட்பான். அன்று அவன் தலை நிமிர்ந்து நிற்பானோ, குனிந்து நிற்பானோ என்பது இன்று அவன் அளக்கும் அளவைப் பொறுத்தது.

நிலமும் நீரும் மரமும் மனிதனிடம் இவ்வாறே ஒப்படைக்கப்பட்டவை என்பது கிறிஸ்தவ சமயத்தின் பழைய போதனை. ஆதியாகமம் கூறும் முதல் மனிதனுக்குக் கிடைத்த முதல் வேலையே ஒரு தோட்டத்தைப் பேணுவதுதான். ஆனால் போதனை ஒருபுறமும் நடப்பு மற்றொருபுறமுமாக நெடுங்காலம் கழிந்ததை மறுப்பதற்கில்லை. 1967இல் லின் வைட் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் 'சயன்ஸ்' என்ற விஞ்ஞான இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இயற்கையைத் தன் விருப்பப்படி ஆளும் உரிமை மனிதனுக்கு உண்டு என்ற எண்ணத்தை மேல்நாடுகளில் வேரூன்றச் செய்ததில் கிறிஸ்தவத்துக்குப் பெரும் பங்குண்டு என்று அதில் அவர் குற்றஞ்சாட்டினார். அக்குற்றச்சாட்டைப் பற்றிய வாதம் இன்னும் ஓயவில்லை.

திருச்சபைகளும் வாளாவிருந்தன என்று கூறமுடியாது. 1989இல் கொன்ஸ்தாந்திநோப்பிளின் பிதாப்பிதா திமித்திரியோஸ், செப்டெம்பர் முதலாந் திகதியைப் படைப்பின் நலனுக்காக மன்றாடும் நாளாக அறிவித்தார். 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் இதே பொருள்பற்றித் தனியாக ஒரு திருமடல் வெளியிட்டதோடு, அந்த நாளைக் கத்தோலிக்கரும் கைக்கொள்ள வேண்டுமெனப் பணித்தார். இவையெல்லாம் வேண்டியனவே. எனினும் திருமடல் எழுதுவது பாப்பரசருக்குரிய காரியம். சிற்றூர் ஒன்றில் ஐம்பது குடும்பங்களைக் கொண்ட ஒரு சபை என்ன செய்யலாம்? அதற்குப் பணமில்லை. விஞ்ஞானப் பயிற்சியில்லை. அரசாங்கத்திடம் செல்வாக்குமில்லை. அதனிடம் இருப்பன ஓர் ஆலயமும் அதைச் சூழ்ந்த ஒரு வளவுமே.

இக்கேள்விக்குரிய விடையை ஏட்டிலே தேடுவதினும் ஒரு நாட்டிலே தேடுதல் நன்று. அந்நாடு எதியோப்பியா.

உழுத வயல்களிடையே பச்சைப் புள்ளிகள்

ஆபிரிக்காவின் கிழக்குப் பாகத்தில் உயர்ந்த மேட்டுநிலமாகப் பரந்து கிடப்பது எதியோப்பியா. நான்காம் நூற்றாண்டில் அக்சும் நகரிலிருந்து ஆண்ட எசானா மன்னன் காலத்திலேயே அங்கு கிறிஸ்தவம் அரச சமயமாயிற்று. ஐரோப்பியர் கொண்டுவந்த சமயமன்று அது. ஐரோப்பாவின் பல நாடுகள் கிறிஸ்துவின் பெயரைக் கேட்பதற்கு முன்னரே அங்கு நிலைபெற்றது.

அந்நாட்டின் வடபாகத்திலே தானா என்னும் பெரிய ஏரியொன்று உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீற்றர் உயரத்திலுள்ள அவ்வேரியிலிருந்தே நீல நைல் நதி புறப்படுகிறது. ஏரிக்குக் கிழக்கே தென் கொண்டார் என்னும் பகுதி அமைந்துள்ளது. அங்கு வாழ்வோர் பெரும்பாலும் கமக்காரர். எருது பூட்டி உழுது, 'தெஃப்' என்னும் சிறுதானியத்தையும் பார்லியையும் விளைவிப்பவர். நூற்றாண்டு நூற்றாண்டாக உழவும், விறகுத் தேவையும், கால்நடை மேய்ச்சலும் சேர்ந்து அந்த மேட்டுநிலத்தின் பழைய காட்டைத் தின்றுவிட்டன. ஆகாய விமானத்தில் செல்வோர் கீழே நோக்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் கபில நிறமான வயல்களே காணப்படும். ஆனால் அந்தக் கபில விரிப்பின்மீது அங்குமிங்கும் கரும்பச்சைப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியின் நடுவிலும் வட்டமான கூரையொன்று இருக்கும். அந்தக் கூரை ஒரு தேவாலயத்தின் கூரை. சூழ்ந்துள்ள பச்சை அத்தேவாலயத்தின் காடு.

தென் கொண்டாரில் மாத்திரம் இத்தகைய கோயிற்காடுகள் ஆயிரத்துக்கு மேல் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை சில ஏக்கர் பரப்பே உடையவை. எனினும் அலெமாயெகு வாசி என்னும் எதியோப்பிய விஞ்ஞானி அவற்றில் 28 காடுகளை ஆராய்ந்தபோது, 168 வகை மரஞ்செடிகளைக் கண்டு பதிவு செய்தார். காட்டு ஒலிவம், ஆபிரிக்கச் சூரை என வழங்கும் ஊசியிலை மரம் முதலிய பழைய மரங்கள் அவற்றில் இன்னும் நிற்கின்றன. ஊரெல்லாம் அழிந்துபோன ஒரு குடும்பத்தின் கடைசி வாரிசுகள் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தது போன்ற காட்சி அது.

நான்காம் சுற்று

இக்காடுகளைக் காத்தவர் யார்? வனபரிபாலன இலாகா அன்று. வேலியன்று. சட்டமுமன்று. அந்த மக்களின் வழிபாட்டு முறையே காத்தது என்பதுதான் இதிலுள்ள வியப்பு.

எதியோப்பிய ஓர்தொடொக்ஸ் தேவாலயம் ஒவ்வொன்றினுள்ளும் 'தாபொத்' என்னும் புனிதப் பொருள் வைக்கப்பட்டிருக்கும். மோசேயின் உடன்படிக்கைப் பெட்டியை நினைவூட்டும் பொருள் அது. அது இருக்கும் மூலத்தானத்துள் குருமார் மாத்திரம் செல்வர். அதைச் சூழ்ந்த இரண்டாம் வட்டம் நற்கருணை பெறுவோருக்குரியது. மூன்றாம் வட்டம் பாடகர் நின்று துதி பாடும் இடம். நமது சைவ ஆலயங்களில் மூலத்தானத்தைச் சுற்றிப் பிராகாரங்கள் அமைந்திருப்பதை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு எளிதில் விளங்கும். இந்த மூன்று சுற்றுக்கும் வெளியே நிற்கும் மரங்கள் நான்காம் சுற்று என்று கூறினும் பொருந்தும். தாபொத்திலிருந்து வீசும் புனிதம் ஆலயச் சுவரோடு நின்றுவிடாமல் மரங்களையும் தழுவுகிறது என்பதே அம்மக்களின் நம்பிக்கை. மரங்கள் தேவாலயத்தின் ஆடை என்றும், மரமில்லாத ஆலயம் ஆடையில்லாத மனிதனைப் போல் நாணி நிற்கும் என்றும் அவர்கள் சொல்லுவர்.

இந்த ஆடை வெறும் அழகுக்கு அணிந்ததன்று. மரபுவழிக் கல்வி கற்கும் மாணவர் வீட்டை விட்டு வந்து, ஆலய வளவிலே சிறு குடிசைகளில் தங்கி, மரநிழலிலிருந்து பாடம் ஓதுவர். ஊரில் இறந்தோர் அம்மரங்களின் அடியிலே உறங்குகின்றனர். மருந்துச் செடியும் அங்கே, தேனீக்களும் அங்கே. அத்தேனீக்கள் அயல் வயல்களின் பூக்களையும் நாடிச் சென்று பயிருக்கு உதவுகின்றன. பல ஆலயங்களின் அருகே ஊற்றுகள் உண்டு. அவற்றின் நீரைத் தீர்த்தமெனப் போற்றி நோயாளர் நீராடுவர். மழை நீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடாமல், இலைச் சருகுகளினூடே மெல்ல இறங்கி நிலத்தினுட் சேர்வதற்கு மரநிழல் உதவுகிறது என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். தீர்த்தத்துக்கும் காட்டுக்கும் உள்ள உறவை விஞ்ஞான நூல் படித்து அவர்கள் அறியவில்லை. ஆயினும் ஒன்றைக் காத்தபோது மற்றையதும் காக்கப்பட்டது.

1974இல் பேரரசர் ஹெய்லி செலாசி பதவியிழந்தார். அடுத்த ஆண்டு புதிய இராணுவ ஆட்சி நாட்டின் கமநிலம் முழுவதையும் அரசுடைமையாக்கிற்று. திருச்சபைக்கிருந்த பெருநிலங்களும் போயின. ஆயினும் ஆலயத்தை ஒட்டிய காடுகள் தப்பின. மன்னராட்சியும் போய், இராணுவ ஆட்சியும் 1991இல் போய், காடுகள் நின்றன.

பிள்ளைகளற்ற காடு

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால், 'பக்தி காடு காத்தது' என்று மகிழ்ந்து நாம் நிறுத்தியிருக்கலாம். ஆனால் இதற்கு மேலேதான் நாம் கவனிக்கவேண்டிய பாடம் இருக்கின்றது.

எதியோப்பியாவை இத்தாலி ஆக்கிரமித்திருந்த காலத்தில், 1938ஆம் ஆண்டளவில், இத்தாலியர் ஆகாயத்திலிருந்து பல படங்கள் எடுத்தனர். அப்படங்களைப் பிற்காலப் படங்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர், பல கோயிற்காடுகளின் எல்லைகள் முக்கால் நூற்றாண்டு கழிந்தும் பெரிதும் மாறவில்லை என்று கண்டனர். ஆயின் எல்லை மாறவில்லையென்றால் காடு மாறவில்லை என்று கொள்ளலாமா? கொள்ளலாகாது. காட்டைச் சுற்றியிருந்த பற்றைகளும் தனி மரங்களும் மறைந்துவிட்டன. காடு தனித் தீவாயிற்று. எல்லையினுள்ளேயும் வேறொரு குறை மெல்ல மெல்ல வளர்ந்தது.

அலெமாயெகு வாசி அந்தக் குறையைக் கண்டவர்களுள் ஒருவர். அவர் தென் கொண்டாரைச் சேர்ந்தவர். அண்ணாந்து பார்த்தால் காடு செழிப்பாகவே இருந்தது. நூறாண்டு கண்ட மரங்கள் கிளை கோத்து நின்றன. குனிந்து பார்த்தால் நிலம் வெறுமையாயிருந்தது. முளைகள் இல்லை, கன்றுகள் இல்லை. கோடையில் வயலெங்கும் புல் வரண்டபோது ஊர் மாடுகளும் ஆடுகளும் நிழலையும் இலையையும் தேடிக் காட்டினுள் நுழைந்தன. மரத்தை வெட்டுதல் பாவமென்று அறிந்திருந்த மக்கள், மாடு மேய்வதைப் பாவமென்று எண்ணவில்லை. கோடரி படாத காட்டிலே மாட்டின் நாக்கும் குளம்பும் நாள்தோறும் பட்டன.

இதை அவர் வெறும் ஊகமாகக் கூறவில்லை. காட்டினுள்ளே சில துண்டு நிலங்களை வேலியிட்டு அடைத்தார்; அவற்றுக்கு அருகே மற்றுஞ் சில துண்டுகளை அடையாமல் விட்டார். இரண்டிலும் விதைகளின் முளைப்பையும், கன்றுகள் பிழைப்பதையும், வளர்வதையும் அளந்து கணக்கெடுத்தார். வேலியினுள்ளே முளைத்தவையும் பிழைத்தவையும் மிகுதி. 2009இல் இம்முடிவு விஞ்ஞான இதழொன்றில் வெளியாயிற்று.

முதியோர் மாத்திரம் வாழும் ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தெருவிலே போகிறவனுக்கு அவ்வீட்டில் குறையொன்றும் தெரியாது. விளக்கு எரிகிறது, முற்றம் கூட்டியிருக்கிறது. ஆனால் அங்கே மழலை கேட்பதில்லை. முதியவர் ஒருவர் பின் ஒருவராக விடைபெறும்போது விளக்கேற்ற எவருமில்லை. பிள்ளைகளற்ற காட்டின் நிலையும் அதுவே. காடு அழிவது அது வெட்டி வீழ்த்தப்படும் நாளில் மாத்திரமன்று. அதன் கன்றுகள் தழையாமற்போன நாளிலேயே அழிவு தொடங்கிவிடுகிறது. அந்த அழிவு பச்சை நிறத்தால் மூடப்பட்டிருப்பதனால், காப்பவன் கண்ணுக்கே அது புலப்படுவதில்லை.

வயலிற் கிடந்த கல்

அலெமாயெகு வாசியோடு மார்கரெட் லோமன் என்னும் அமெரிக்கப் பெண் விஞ்ஞானியும் சேர்ந்துகொண்டார். உயர்ந்த மரங்களின் உச்சியிலே வாழும் உயிர்களை ஆராய்வதில் பேர்பெற்றவர் அவர். இருவரும் குருமாரைக் கூட்டி, செயற்கைக்கோளிலிருந்து எடுத்த படங்களைக் காட்டினர். தங்கள் ஆலயம் வானத்திலிருந்து எப்படித் தோன்றுகின்றது என்பதைக் குருமார் அன்றுதான் கண்டனர். பெரிய வயல்வெளியின் நடுவே ஒரு சிறு பச்சைத் துளி. அதன் விளிம்பு தேய்ந்துகொண்டு வருகிறது. இதற்கு விளக்கவுரை தேவைப்படவில்லை.

பரிகாரமும் வெளியிலிருந்து வந்த எந்திரமன்று. காட்டைச் சுற்றிக் கல்மதில் எழுப்புவதென்று தீர்மானமாயிற்று. அந்நாட்டு வயல்களிலே கல் மிகுதி. கலப்பையின் கொழுவை முறிப்பதும் எருதின் காலை நோகச் செய்வதும் அக்கல்லே. அவ்வயற் கற்களைப் பொறுக்கிச் சுமந்து வந்து, சீமேந்தும் சாந்துமின்றி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர். மாடு நுழையாது, மனிதர் வாயில் வழியே வருவர். கல் போன வயல் உழவுக்கு நல்லதாயிற்று. கல் வந்த எல்லை காட்டுக்கு அரணாயிற்று. ஒரே வேலையால் இரண்டு பயன். வெளிநாட்டு அன்பர் அளித்த பணம் இம்முயற்சிக்கு உதவிற்றென்பது உண்மை. ஆனால் கல்லும் கையும் ஊராருடையவை. சில இடங்களில் காடு நிற்கும் எல்லையோடு மதிலை நிறுத்தாமல், சற்றுத் தள்ளிக் கட்டினர். மதிலுக்கும் மரத்துக்குமிடையே வெறுநிலம் விடப்பட்டது. பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தொட்டில் கட்டிவைப்பது போன்ற செயல் அது.

மதில் எழுந்த காடுகளுள், மாடு மேயாத நிலத்திலே விதைகள் முளைவிடத் தொடங்கின. அம்முளைகள் முதிர்ந்த மரமாகும் நாளை இன்று மதில் கட்டியவர் காணப்போவதில்லை. தம் கண் காணாத நிழலுக்காகக் கல் சுமப்பதைவிடச் சிறந்த வழிபாடு யாதுளது?

பக்தியால் வருங் கேடு

இன்னுமொரு உண்மையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கோயிற்காட்டுக்கு மாடு மாத்திரம் பகையன்று. பக்தியும் சிலவேளை பகையாகின்றது.

மக்கள் பெருகப் பெருகப் பழைய வட்டாலயம் போதாமற்போகிறது. பெரிய ஆலயம் வேண்டுமென்று மரங்களை வெட்டி இடம் ஒதுக்குகின்றனர். புதைகுழிகளைக் கல்லாற் கட்டுகின்றனர். அடியார் கூடுவதற்கு மண்டபமும், அவர் நடப்பதற்குப் பாதைகளும் வேண்டியிருக்கின்றன. ஒவ்வொன்றும் இறைவன் பெயராலேயே நடைபெறுகின்றது. ஒவ்வொன்றும் காட்டினுள் ஒரு துளையிடுகின்றது. நிலத்தை இழந்த திருச்சபைக்கு வருமானமும் வேண்டும். ஆகவே விரைவில் வளர்ந்து நல்ல விலைக்குப் போகும் யூக்கலிப்டஸ் மரங்களை வளவின் ஓரங்களில் நடுகின்றனர். அவுஸ்திரேலிய நாட்டிற்குரிய அம்மரத்தை, இரண்டாம் மெனெலிக் மன்னன் ஆண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், தலைநகரான அடிஸ் அபாபாவின் விறகுப் பஞ்சத்தைப் போக்குவதற்கென்று கொண்டுவந்தார்கள். வறிய குருவானவருக்கு அது கைகொடுக்கும் மரம். ஆனால் அது நிற்குமிடத்தில் பழைய காட்டின் கன்றுகள் தலையெடுத்தல் அரிது.

இக்குருமாரைக் குறைகூற நமக்கு வாயில்லை. கூரை ஒழுகும் ஆலயத்தையும் பசித்த வீட்டையும் வைத்துக்கொண்டு, 'மரத்தைத் தொடாதே' என்று கேட்பது எளிதன்று. இங்கே போராட்டம் நல்லவனுக்கும் தீயவனுக்குமிடையே நடப்பதன்று. இன்றைய சபையின் தேவைக்கும் நாளைய சபையின் தேவைக்குமிடையே நடப்பது. உக்கிராணக்காரனின் பெருஞ் சோதனையும் இதுவே. திருடனுக்குக் கதவடைப்பது அவனுக்குக் கடினமன்று. வீட்டுப் பிள்ளைகளே பசியோடு வந்து நிற்கும்போது, விதைநெல்லை எடுத்துக் கொடுக்காமல் இருப்பதே கடினம்.

கன்றைக் கையிலேந்திய சபைகள்

காடு உள்ள சபை காக்கலாம். காடு முற்றாக அழிந்துபோன ஊரின் சபை என்ன செய்யும்? இதற்கு விடையளிப்பது தென் ஆபிரிக்கப் பாகத்திலுள்ள சிம்பாப்வே.

வெள்ளையர் ஆட்சியில், 1930ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அந்நாட்டின் நல்ல நிலங்களிற் பெரும்பகுதி குடியேறிய ஐரோப்பியருக்கு ஒதுக்கப்பட்டது. சுதேசிகள் நெருக்கமான பகுதிகளுள் அடைக்கப்பட்டனர். சிறிய நிலத்தில் பலர் உழுது, பலர் விறகு வெட்டி, பல மாடுகள் மேய்ந்ததால் மண் வெளிறிப்போயிற்று. 1980இல் சுதந்திரம் வந்தது. மரம் திரும்பி வரவில்லை. அங்கே மஸ்விங்கோ மாகாணத்தில் பிறந்து வளர்ந்த மிஷனரிமார் புதல்வரான இனுஸ் டானீல் என்னும் அறிஞர், ஆபிரிக்கர் தாமே நிறுவிய சுதேச சபைகளோடு நெடுங்காலம் பழகியவர். அவருடைய ஊக்கத்தால் 1991இல் அச்சபைகள் பல ஒன்றுசேர்ந்து, பூமியைப் பேணும் சங்கமொன்றை அமைத்தன. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே பாரம்பரியச் சமயத்தார் தமக்கென ஒரு மரநடுகைச் சங்கம் அமைத்திருந்தனர். சமயம் வேறாயினும் இரு சாராரும் ஒரே மண்ணிற் குழி தோண்டினர்.

அச்சபைகள் மரம் நடுவதை ஒரு சிரமதானமாக மாத்திரம் நடத்தவில்லை. நற்கருணை ஆராதனையோடு அதை இணைத்தன. அன்று சபையார் முதலில் பாவ அறிக்கை செய்வர். பொய்யும் களவும் மாத்திரம் அன்று பாவமாகச் சொல்லப்படுவதில்லை. 'காரணமின்றி மரம் வெட்டினேன். ஆற்றங்கரையை உழுது மண் கரையச் செய்தேன். மரச் சறுக்குவண்டியை எருது பூட்டி இழுத்து நிலத்தைக் கீறினேன்' என்ற குற்றங்களையும் ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். பின்பு மரக்கன்றைக் கையிலேந்தியபடியே நற்கருணை மேசைக்கு வருவர். அப்பமும் இரசமும் பெற்ற அதே கையால் கன்றை நிலத்தில் நடுவர்.

தொண்ணூறுகளில் அவர்கள் நட்டவை பல இலட்சம். ஆனால் 2000ஆம் ஆண்டின் பின் அந்நாட்டை வாட்டிய பொருளாதார நெருக்கடியில் வெளிநாட்டுப் பண உதவி குன்றிற்று, இயக்கமும் தளர்ந்தது. நட்ட கன்று எல்லாம் மரமாகவில்லை. இதிலும் ஒரு பாடமுண்டு. கன்று நடும் நாளுக்குப் பணம் கிடைக்கலாம். தண்ணீர் ஊற்றும் ஆயிரம் நாட்களுக்கு அயலாரின் பணத்தை நம்பியிருத்தல் கூடாது. அந்த ஆயிரம் நாட்களும் ஊராரின் கையிலேயே உள்ளன.

நமது வளவிலே

எதியோப்பியாவும் சிம்பாப்வேயும் தூரதேசங்களே. ஆயினும் இலங்கைக் கிறிஸ்தவருக்கும் காடும் ஆலயமும் ஒருங்கே நிற்பது புதிய காட்சியன்று. மன்னார் மாவட்டத்து மடுத் திருப்பதி வனத்தின் நடுவே எழுந்த திருத்தலம். ஆவணி மாதத்தில் அங்கு கூடும் பல்லாயிரம் அடியார், மொழி வேறுபாடின்றி அம்மரங்களின் கீழேயே தங்குகின்றனர். மடுவுக்குச் சென்று மீண்டவர்கள் மாதாவின் திருச்சுரூபத்தோடு அந்த மரநிழலையும் மறப்பதில்லை. அந்நிழலில் சமைத்து உண்டவர், புறப்படும்போது எதை அங்கே விட்டுவந்தோமென்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பாராயின், அதுவும் யாத்திரையின் ஒரு பகுதியே.

ஊர்ச் சபைகளும் செய்யத்தக்கன சில உண்டு. முதலாவது, வளவிலுள்ள மரங்களை எண்ணிப் பதிவு செய்தல். ஞானஸ்நானத்துக்கும் விவாகத்துக்கும் மரணத்துக்கும் ஆலயங்களில் பதிவேடு உண்டு. மரங்களுக்கும் ஓர் ஏடு இருப்பதில் தவறென்ன? ஓய்வுநாட் பாடசாலைச் சிறுவரிடம் இவ்வேலையை ஒப்படைக்கலாம். வேம்பு எத்தனை, புளி எத்தனை, பனை எத்தனை என்று அவர்கள் எழுதட்டும். அதோடு நில்லாமல், முழங்காலளவு உயர்ந்த கன்றுகள் எத்தனை, வடலிகள் எத்தனை என்றும் எழுதட்டும். முதலாவது எண்ணிக்கை பெரிதாயும் இரண்டாவது எண்ணிக்கை வெறுமையாயும் இருந்தால், அந்த வளவும் பிள்ளைகளற்ற வீடேயாம்.

இரண்டாவது, நடுவதோடு அடைத்தல். மாரி மழை தொடங்கும் காலத்தில் கன்று நடுவது நமது நாட்டு வழக்கம். ஆனால் பங்குனி வெயிலில் அதற்குத் தண்ணீர் வார்ப்பவர் யார், ஆட்டுக்கு எட்டாமல் அடைப்புக் கட்டுபவர் யார் என்று நடுகின்ற நாளிலேயே பெயர் குறித்துவிட வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு கன்று என்று ஒப்படைத்தால், நூறு கன்று நட்டுத் தொண்ணூறை இழக்கும் வெட்கம் நேராது.

மூன்றாவது, நீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. சுண்ணக்கல்லின் இடுக்குகளிலே தங்கும் மழைநீரே நமது கிணறுகளின் உயிர். ஆலய முற்றம் முழுவதையும் சீமேந்தினால் மூடினால், கூரையில் விழும் மழை தெருவுக்கு ஓடிக் கடலிற் சேரும். முற்றத்தில் மண்ணும் மரமும் இருந்தால், அந்நீர் கிணற்றுக்கே திரும்பும். புதிய மண்டபமோ மதிலோ கட்டத் தீர்மானிக்கும் சபைக் கூட்டத்தில், 'எத்தனை இருக்கைகள்?' என்ற கேள்வியோடு, 'எத்தனை மரங்கள் போகும்? மழைநீர் எங்கே போகும்?' என்ற கேள்விகளையும் எவரேனும் ஒருவர் எழுந்து கேட்க வேண்டும். கேட்பவர் அன்று எல்லாருக்கும் இனியவராய்த் தோன்றமாட்டார். ஆயினும் உக்கிராண அறையின் கதவருகே நின்று பேசுபவர் அவரே.

மேற்கூறியவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பென்சிலும், ஒரு வாளித் தண்ணீரும், பனையோலை அடைப்பும் போதும். எதியோப்பியக் கமக்காரர் தமது உழவுக்கு இடையூறாய்க் கிடந்த கல்லையே தமது காட்டின் அரணாக்கினர். நமது காலடியிலும் அத்தகைய கற்கள் கிடக்கக்கூடும்.

வீட்டுத் தலைவன் கணக்குக் கேட்கும் நாளில், ஆலயக் கோபுரத்தின் உயரத்தை நாம் எடுத்துரைக்கலாம். அதற்கு முன்னே, கோபுர நிழலில் ஒரு கன்றாவது தளிர்விட்டிருக்கிறதா என்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது, நமது பிள்ளைகளோடு நின்று குனிந்து பார்ப்போமாக.